ஒரு சக்கரம் இடப்பக்கம் இழுக்கும்

ஞாயிறு காலை ஆறே கால்.
பர்ன்லியில் மழை பெய்கிறதா விட்டதா என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.
லினெட் ஹெஸ்கெத் கால்வாய்க் கரைக்கு வருகிறாள்,
கையுறை, கொக்கி, பதினைந்து மீட்டர் கயிறு,
ரப்பர் பேண்டு போட்ட நோட்டு.

மற்ற நாட்களில் பள்ளிச் சமையலறையில்
இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு
உருளைக்கிழங்கு மசிப்பவள்.
விடுமுறையில் சிலர் பறவை பார்க்கிறார்கள்,
சிலர் ரயில் எஞ்சின்களின் எண் குறிக்கிறார்கள்,
இவள் சூப்பர்மார்க்கெட் ட்ராலி பிடிக்கிறாள்.
பிடித்து
அதனதன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள்.
காசு தருவார்களா என்று கேட்காத ஆளில்லை.
இல்லையென்றதும்
ஒரு மாதிரிப் பார்க்காத ஆளுமில்லை.

நோட்டில் இருக்கிறது:
பேருந்து நிறுத்தத்தில் ஒன்று. உள்ளே நனைந்த தலையணை.
மகப்பேறு வார்டு வாசலில் ஒன்று. அவசரம் புரிகிறது.
முள்புதரில் கவிழ்ந்து ஒன்று, நவம்பர் பன்னிரண்டு.
அடியில் முள்ளெலி தூங்குகிறது.
மார்ச்சில் வரவும்.

தெருவில் தனியாய் ஒரு ட்ராலி நின்றால்
அவளுக்குக் கை அரிக்கும்.
அவ்வளவுதான். தத்துவம் ஒன்றுமில்லை.

எல்லா வண்டிக்கும் ஒரு சக்கரம் சண்டி.
இடப்பக்கம் இழுக்கும்,
அதட்டினால் கேட்காது,
இடுப்பைக் கொடுத்துத் தள்ளவேண்டும்.
டெரன்ஸோடு பதினோரு வருடம்
இப்படித்தான் கடை கண்ணிக்குப் போய்வந்தேன் என்பாள்,
சிரிக்காமல்.

இன்று கொக்கியில் மாட்டியது அசையவில்லை.
இரவு ஷிப்ட் முடித்த சோஹேல்
டாக்ஸியைப் பாலத்தருகே நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.
ஷூ போயிற்றே என்று புலம்பிக்கொண்டே இழுத்தான்.
சேறு, பாசி, ஒரு குடையின் எலும்பு,
பிறகு மெல்ல மெல்ல
ஒரு கூடைக்கம்பி.
கைப்பிடியைத் துடைத்தால் சிவப்பு எழுத்து:
ப்ரிம்லோ.

ப்ரிம்லோவா! அது மூடி
பதினாலு வருஷமாச்சே, என்றான் சோஹேல்.
நான் முதல்முதலாய்த் திருடியது அங்கேதான்.
ஒரு சாக்லேட். ஒன்பது வயசு.
பிடிபட்டாயா?
இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

பூட்டில் ஒரு பவுண்டு நாணயம்,
பழைய வட்ட நாணயம்,
இன்று எந்தக் கடையிலும் செல்லாது.
யாரோ அதற்காகக்கூடத் திரும்பி வரவில்லை.
வெளியே எடுக்க வேண்டுமென்றால்
இன்னொரு ப்ரிம்லோ வண்டியின் சங்கிலியைச் செருகவேண்டும்.
இன்னொன்று
எங்கே போவது?

எங்கே கொண்டுபோவாய், என்றான்.
அதன் வீட்டுக்கு.
வீடே இல்லையே.
இடம் இருக்கிறதே, என்றாள்.

இரண்டு பேராகத் தள்ளினார்கள்
ஈரத் தெருவில், இடப்பக்கம் இழுக்க இழுக்க,
சலூன், பந்தயக் கடை, மூடிய வங்கி தாண்டி.
ப்ரிம்லோ இருந்த கட்டிடம் இப்போது ஜிம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்
எங்கும் போகாத சைக்கிளை
மூச்சிரைக்க மிதித்தபடி
இவர்களையே பார்த்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் முன்பு வண்டிகள் நின்ற மூலை.
லினெட் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே
நேராக நிறுத்தினாள்.
அது லேசாக இடப்பக்கம் திரும்பியது.
மீண்டும் நேராக்கினாள்.
நோட்டில் 418 என்று எழுதி
‘ஒப்படைக்கப்பட்டது’ என்பதற்கு முன்னால்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எழுதினாள்.
சோஹேல் பையைத் துழாவி
அரைப் பாக்கெட் சாக்லேட்டை எடுத்தான்,
கூடைக்குள் வைத்தான்,
யோசித்தான்,
திரும்ப எடுத்து அவளுக்குப் பாதி கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு அந்த மூலையில்
ஒரு நீல நிறக் கார் நின்றது.
வண்டியைக் காணோம்.
ஜிம்மில் விசாரிக்கவில்லை அவள்.
நேரே கால்வாய்க்குப் போனாள்,
போன வாரம் இழுத்த அதே இடம்,
முடிச்சைச் சரிபார்த்துவிட்டுக்
கொக்கியை வீசினாள்.